புறம்பானவள்: மரத்தடியில் வைத்த பாத்திரம்

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆசீர் வெறுங்கையோடு வந்தான்.

சலோமி கதவைத் திறந்ததும் அதைத்தான் பார்த்தாள். பிறகுதான் தம்பியின் முகத்தைப் பார்த்தாள்.

நான்கு வருடங்களாக அவன் ஞாயிறு காலைகளில் குவீன்ஸ்டவுனில் அவள் தங்கியிருக்கும் அறைக்கு வருகிறான். கையில் நாலடுக்கு டிபன் கேரியர் இருக்கும். ரேஸ் கோர்ஸ் லேன் வீட்டில் அம்மா அதை நிரப்பி, "ஆசீருக்கு" என்று சொல்லிக் கொடுப்பாள். அடியடுக்கில் சுறாப் புட்டு. ஆசீர் சுறாவைத் தொட மாட்டான். அது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் எதுவும் கேட்டதில்லை.

சலோமி பாத்திரத்தைக் கழுவித் துடைத்து அவனிடமே திருப்பி அனுப்புவாள். வெறுமையாக அனுப்ப மாட்டாள். மேலடுக்கில் இரண்டு எலுமிச்சம்பழம் இருக்கும், அல்லது ஒரு கை கற்கண்டு. ஒரு தடவை தலைவலித் தைலம் வைத்தாள். சில வாரங்கள் கழித்து ஆசீர் சொன்னான், "தைலம் தீர்ந்துபோச்சு." அம்மா சொன்னாளா என்று அவள் கேட்கவில்லை. வேறு புட்டி வாங்கி வைத்தாள்.

அம்மாவும் மகளும் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

குடும்பம் சேர்ந்திருந்த கிறிஸ்தவச் சபையின் விதி அப்படி. புறம்பாக்கப்பட்டவளோடு பேசக் கூடாது. ஒரே பந்தியில் உட்காரக் கூடாது. எதிரே வந்தால் ஸ்தோத்திரம் சொல்லக் கூடாது. ஆனால் விதி ஞானஸ்நானம் எடுத்தவர்களுக்கு மட்டும். சலோமி பத்து வயதில் எடுத்தாள். கூடவே எடுக்க வேண்டிய ஆசீர் அன்று தட்டம்மையில் கிடந்தான். அதற்குப் பிறகு நழுவிக்கொண்டே இருந்தான். படம் பார்த்தான், சிகரெட் பிடித்தான், அப்பாவோடு ஒரே மேசையில் சாப்பிட்டான். உள்ளே வராதவனை வெளியே தள்ள முடியாது.

"கேரியர் எங்கடா?"

"அம்மா குடுக்கல."

அறையை வாடகைக்கு விட்டிருந்த ரபியா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவள் கணவருக்குக் கப்பலில் வேலை. வீட்டில் பேச ஆள் வேண்டும் அவளுக்கு.

"என்ன தம்பி, கை வீசிட்டு வந்திருக்கீங்க? புட்டுக்காக நான் காலையில பசியாறக்கூட இல்ல."

"இன்னைக்கு இல்லக்கா."

"உங்கம்மாவுக்கு உடம்பு முடியலையா?"

"நல்லா இருக்காங்க."

ரபியா அவனை ஒரு தடவை பார்த்தாள். இரண்டு கோப்பிக் குவளைகளை மேசையில் வைத்துவிட்டு, "மாடியில துணி காயப் போட்டிருக்கேன்" என்று வெளியே போனாள். துணி எதுவும் இல்லை.

ஆசீர் உட்கார்ந்தான். செம்பவாங் கப்பல் பட்டறையில் அவனுக்குச் சாயம் பூசும் வேலை. நகக்கண்களில் எப்போதும் சாம்பல் நிறம் இருக்கும். இன்று சுரண்டிச் சுத்தமாக்கியிருந்தான்.

"எப்ப?" என்றாள் சலோமி.

அவன் தலையைத் தூக்கினான். "உனக்கு எப்படித் தெரியும்?"

"நகத்தைப் பார்த்தேன்."

"இன்னைக்குச் சாயங்காலம். பாசிர் ரிஸ் கடற்கரையில ஞானஸ்நானம். தண்ணி ஏறும்போது."

அவள் எதிரே உட்கார்ந்தாள். கோப்பியைத் தொடவில்லை.

"எத்தனை நாளா தெரியும்?"

"ரெண்டு வாரமா. போன ஞாயிறு சொல்லலாம்னுதான் வந்தேன். நீ அந்தப் பேருந்துக்காரன் கதையைச் சொல்லிச் சிரிச்சிட்டிருந்த. அப்புறம் எப்படிலா சொல்றது?"

"அப்பா கேட்டாரா?"

"ம்."

"என்ன கேட்டாரு?"

ஆசீர் குவளையைச் சுற்றிச் சுற்றித் திருப்பினான். "அவருக்கு ராத்திரியில பயம் வருது. இடது பக்கம் சுத்தமா வரலைன்னு ஆனதுல இருந்து. இன்னொரு தடவை வாதம் வந்தா தாங்காதுன்னு டாக்டர் சொன்னது அவருக்குத் தெரியும். என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'பரலோகத்துல நான் தனியா உட்கார்ந்திருக்கணுமாடா? ஒரு பிள்ளைகூட வராதா?'ன்னு கேட்டாரு."

சலோமி அவன் நகங்களையே பார்த்தாள்.

"திட்டியிருந்தா மாட்டேன்னு சொல்லியிருப்பேன். அவரு திட்டல."

"உனக்கு நம்பிக்கை இருக்கா?"

"அதை அவரு கேக்கல."

"நான் கேக்கறேன்."

"நானும் என்னைக் கேட்டுக்கல, அக்கா."

வெளியே ஒரு சீனக் கிழவர் ரொட்டி வண்டியின் மணியை அடித்துக்கொண்டு போனார். மணி அடுத்த பிளாக் வரை கேட்டது.

"நீ வேணாம்னு சொல்லு," என்றான் ஆசீர். "நான் இறங்கல. அப்பாகிட்ட ஏதாவது சொல்லிக்கிறேன்."

"அதை என் தலையில வைக்காத."

"வேற யார் தலையில வைக்கிறது? இறங்கிட்டா உன்கிட்ட பேச முடியாது. இங்க வர முடியாது. ரோட்டுல பார்த்தாக்கூட..." அவன் நிறுத்தினான். "உனக்கு வேற யாரு இருக்கா?"

அவளுக்கு அது தெரியும். அவன் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

நான்கு வருடங்களுக்கு முன், சபையில் ஒரு பெண்மணி தன் அப்பாவின் சாவுக்குப் போய்ச் சூடம் கொளுத்தினாள் என்று புறம்பாக்கினார்கள். தெக்கா சந்தையில் அவளைப் பார்த்த சலோமி நின்று நலம் விசாரித்தாள். அதற்காக மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். சபை நடுவே எழுந்து சலோமி சொன்னது இரண்டே வாக்கியம். "எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. பத்து வயதில் எதற்கு ஆமாம் சொன்னேன் என்று எனக்குத் தெரியாது."

அன்றே அவளையும் புறம்பாக்கினார்கள். சொன்னதில் இரண்டாவது முழு உண்மையில்லை. எதற்கு என்று அவளுக்குத் தெரியும். அன்று ஆசீர் உடம்பெல்லாம் சிவந்து, கண் திறக்காமல் கிடந்தான். "நீ கீழ்ப்படிந்தால் தம்பி பிழைப்பான்" என்றார் சபை மூப்பர். அவள் ஓடிப்போய் நீரில் இறங்கினாள். மூன்று கேள்விகளுக்கும் உரக்க ஆமாம் சொன்னாள். சத்தமாகச் சொன்னால் சீக்கிரம் குணமாகும் என்று நினைத்தாள்.

அம்மாவுக்கு அது தெரியும். ஆசீருக்குத் தெரியாது. இப்போது சொன்னால் அவன் போக மாட்டான்.

"இறங்கு," என்றாள் சலோமி.

"அக்கா..."

"அப்பா பயப்படுறாருன்னு சொன்னல்ல. இறங்கு."

அவன் குவளையைக் கீழே வைத்தான். கண்களைப் புறங்கையால் துடைத்தான்.

"நேரம் இருக்கு," என்றான். "பன்னெண்டு மணி வரைக்கும் இருக்கலாம். ஏதாவது பேசு."

"என்ன பேசறது?"

"எதையாவது."

இரண்டு பேருக்கும் எதுவும் தோன்றவில்லை. பிறகு அவன் எழுந்து ஜன்னலிடம் போனான்.

"இந்தக் கொக்கி இன்னும் ஆடுது."

"ஆமா."

"அடுத்த வாரம் பண்றேன்னு சொன்னேன்ல. திருப்புளி இருக்கா?"

ரபியாவின் கணவருடைய பெட்டியில் இருந்தது. அவன் நாற்காலி மேல் ஏறிக் கொக்கியைக் கழற்றி, துளையில் தீக்குச்சி செருகி, மறுபடி முடுக்கினான். அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். முடிந்ததும் ஜன்னலைச் சாத்தினான், திறந்தான், மறுபடி சாத்தினான்.

"இனிமே மழை உள்ள வராது," என்றான்.

வாசலில் செருப்பை மாட்டும்போது அவள் கேட்டாள். "நான் வரலாமா? தள்ளி நின்னுக்கறேன்."

"கடற்கரை என்ன மூப்பர் வீட்டுச் சொத்தா? வா."

அவன் படியிறங்கினான். ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் நின்று மேலே பார்த்தான். அவள் கையை அசைத்தாள். கடைசித் திருப்பத்தில் அவன், "அக்கா, கதவைப் பூட்டிக்கோ" என்று கத்தினான்.

*

பாசிர் ரிஸில் மணலுக்கு மேலே ஒரு வாதுமை மரம் இருந்தது. சலோமி அதனடியில் நின்றாள். இரண்டு பேருந்து மாறி, மண்பாதையில் நடந்து வந்திருந்தாள்.

வெள்ளை உடுத்திய சபையார் நீரோரம் கூடியிருந்தார்கள். முப்பது பேர் இருப்பார்கள். எல்லோரையும் அவளுக்குத் தெரியும். சிலர் மரத்தைப் பார்த்தார்கள். மரத்தடியில் யாரும் இல்லாததுபோல் திரும்பிக்கொண்டார்கள்.

மரத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவே ஒரு டேக்சி நின்றது. பின் இருக்கையில் அப்பா மாசிலாமணி. கண்ணாடியை இறக்கி, தலையணை வைத்து நிமிர்த்தி உட்கார வைத்திருந்தார்கள். கப்பல் பட்டறைக் கிடங்கில் இருபது வருடம் மூட்டை சுமந்தவர். அந்தக் கழுத்து இப்போது சட்டைக் காலருக்குள் ஆடிற்று. அவர் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டேக்சிக்காரன் மட்டும் சபைக்கு வெளியே உள்ளவன். பாலகிருஷ்ணன் என்று பேர். நெற்றியில் திருநீறு. சக்கரத்தில் மணல் ஏறுகிறதே என்று வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

பாட்டுத் தொடங்கியது. எல்லோரும் கடல் பக்கம் திரும்பினார்கள்.

அப்போது அம்மா பூவம்மா டேக்சியின் மறுபக்கத்திலிருந்து இறங்கினாள். வெயிலுக்கு ஒதுங்குகிறவள்போல் மரத்தை நோக்கி நடந்து வந்தாள். இளைத்திருந்தாள். கையில் கேரியர் இருந்தது.

சலோமி நகரவில்லை. நான்கு வருடத்தில் இவ்வளவு பக்கத்தில் அம்மாவைப் பார்த்ததில்லை. காதோர முடி முழுக்க வெளுத்துவிட்டது. ஆசீர் அதைச் சொன்னதே இல்லை.

பூவம்மா குனிந்து கேரியரை வேரின்மேல் வைத்தாள். சாயாமல் இருக்கிறதா என்று அசைத்துப் பார்த்தாள். நிமிர்ந்தாள். மரத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"இன்னைக்கு உப்பு கொஞ்சம் தூக்கல்."

திரும்பி நடந்தாள்.

சலோமி கேரியரைத் தொடவில்லை. தொட்டால் முப்பது பேரும் பார்ப்பார்கள். அவர்கள் போகட்டும் என்று நின்றாள்.

ஆசீர் இடுப்பளவு நீரில் நின்றான். மூப்பர் ஒரு கையால் அவன் தோளைப் பிடித்திருந்தார். காற்று கரைப் பக்கம் வீசியது. எல்லாம் கேட்டது.

"பாவத்தை அறிக்கை செய்கிறாயா?"

"செய்றேன்."

"சபைக்குக் கீழ்ப்படிவாயா?"

"கீழ்ப்படிவேன்."

"புறம்பானவர்களோடு பேச்சையும் பந்தியையும் விலக்குகிறாயா?"

ஒரு அலை வந்து ஆசீரின் நெஞ்சில் மோதிப் போனது. இன்னொன்றும் வந்தது. கூட்டத்தில் யாரோ இருமினார்கள். அவன் கரையைப் பார்த்தான். டேக்சியைப் பார்த்தான். அதற்கும் மேலே, மரத்தைப் பார்த்தான்.

சலோமி தலையை ஆட்டினாள். சொல் என்று.

"விலக்குறேன்," என்றான் ஆசீர்.

மூப்பர் அவனைப் பின்னால் சாய்த்து அமிழ்த்தினார். நீர் மூடிற்று. திறந்தது. அவன் மூக்கில் தண்ணீர் ஏறித் திணறினான். சின்ன வயதில் தெருக்குழாயில் குளிப்பாட்டினாலும் இப்படித்தான் திணறுவான்.

கரையேறியதும் எல்லோரும் அவன் கையைப் பிடித்து, "ஸ்தோத்திரம், சகோதரரே" என்றார்கள். அப்பா ஜன்னல் வழியாக வலது கையை நீட்டினார். ஆசீர் ஈரத்தோடு குனிந்தான். அப்பா அந்தத் தலையைத் தன் தோளில் அணைத்துக்கொண்டு அழுதார். சத்தமில்லாமல், வாய் ஒரு பக்கம் கோணி.

சலோமி அதைப் பார்த்தாள். நல்லது என்று நினைத்தாள். நினைக்க முடிந்தது.

*

கிளம்பும் நேரத்தில்தான் அது நடந்தது.

பாலகிருஷ்ணன் சக்கரத்தைச் சுற்றியிருந்த மணலைக் காலால் ஒதுக்கினான். நிமிர்ந்தபோது மரத்தடியில் கேரியரைப் பார்த்தான். நல்ல மனசுக்காரன். ஓடிப்போய் எடுத்தான். சலோமி "வேணாங்க" என்று சொல்வதற்குள் பாதித் தூரம் போய்விட்டான்.

"அம்மா! சாப்பாட்டை மறந்துட்டீங்களே!"

பூவம்மா டேக்சிக் கதவைப் பிடித்தபடி நின்றாள். பக்கத்தில் மூப்பர் அப்பாவிடம் விடைபெற்றுக்கொண்டிருந்தார். அவரும் திரும்பினார்.

"அது எங்களுது இல்லப்பா," என்றாள் பூவம்மா.

"என்னம்மா நீங்க! வர்ற வழியெல்லாம் மடியில வெச்சிருந்தீங்க. ரேஸ் கோர்ஸ் லேன்ல கிளம்பினதுல இருந்து மீன் வாசம் என்னை என்னமோ பண்ணிடுச்சு. இப்ப இல்லன்னா எப்படி?"

"எங்களுது இல்ல."

"மூடியில பேரு வெட்டியிருக்கே. பூ, மா. உங்க பேரு பூவம்மாதானே? ஐயா கூப்பிட்டாரே."

பூவம்மா மூடியிலிருந்து பார்வையைத் திருப்பினாள்.

மூப்பர் கேரியரைப் பார்த்தார். பிறகு மரத்தைப் பார்த்தார். அவர் கத்துகிறவர் அல்ல. மெதுவாகவே கேட்டார்.

"சகோதரி, இது யாருக்கு?"

ஈரச் சட்டையோடு ஆசீர் ஓரடி முன்னே வந்தான். நேற்றுவரை அவன் சொல்லக்கூடிய பதில் ஒன்று இருந்தது. எனக்கு என்று சொல்லியிருப்பான். யாரும் மறுத்திருக்க முடியாது. இன்று அவன் முடியிலிருந்து கடல்நீர் சொட்டிக்கொண்டிருந்தது. சொல்லவில்லை.

மரத்தடியில் சலோமி கைகளை இறுக்கிக்கொண்டாள். அம்மாவும் புறம்பானால் அப்பாவுக்குச் சோறூட்ட ஆளில்லை. தானே இறங்கிப் போய் ஏதாவது சொல்லலாம். அவள் சொல்வதை யார் கேட்பார்கள்? அவள் பேச்சு அவர்கள் காதில் விழாது.

"யாருக்கு, சகோதரி?"

"தம்பி," என்றது டேக்சிக்குள்ளிருந்து ஒரு குரல்.

அப்பாவின் குரல். வாய் கோணிய பிறகு அவர் பேச்சு குழறும். எல்லோரும் குனிந்துதான் கேட்பார்கள். அவர் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்.

"எடுத்த இடத்துல வெச்சிடுப்பா."

பாலகிருஷ்ணன் விழித்தான். "யாருதுங்க ஐயா?"

"எடுத்த இடத்துல வெச்சிடு."

"நாய் கீய் வந்து..."

"வராது."

மூப்பர் அப்பாவையே பார்த்தார். அப்பா அவரைப் பார்க்கவில்லை. மரத்தையும் பார்க்கவில்லை. கடலைப் பார்த்தபடி வலது கையால் கண்ணாடியை ஏற்றத் தொடங்கினார். ஒற்றைக் கையால் அது எளிதில் வரவில்லை. பாதியில் நின்றது. பூவம்மா எட்டி, மீதியை ஏற்றினாள்.

பாலகிருஷ்ணன் திரும்பி வந்து கேரியரை வேரின்மேல் வைத்தான். சலோமியை அப்போதுதான் சரியாகப் பார்த்தான். டேக்சிக்குள் இருந்த முகத்தையும் இவள் முகத்தையும் ஒப்பிட்டான் போலிருக்கிறது. தலையைச் சொறிந்தான்.

"மன்னிச்சுக்கங்கம்மா," என்றான். "எனக்குத் தெரியாது."

"பரவாயில்லங்க."

வண்டி மண்பாதையில் ஏறியது. முன்னிருக்கையில் ஆசீரின் பின்தலை தெரிந்தது. அது திரும்பவில்லை.

எல்லோரும் போன பிறகு சலோமி மணலில் உட்கார்ந்து கேரியரைத் திறந்தாள். மேலடுக்கில் சோறு. அடுத்து ரசம். அதற்குக் கீழே முட்டைக்கோசு. அடியில் சுறாப் புட்டு. கையால் எடுத்துச் சாப்பிட்டாள். உப்பு தூக்கலாகத்தான் இருந்தது. முழுவதும் சாப்பிட்டாள். அழுகை நடுவில் வந்தது. அதற்காக நிறுத்தவில்லை.

*

ரபியா விளக்கைப் போட்டுக்கொண்டு காத்திருந்தாள்.

"இறங்கிட்டானா?"

"இறங்கிட்டான்."

"அல்லாவே." அவள் கேரியரைப் பார்த்தாள். "இது எப்படி வந்துச்சு?"

சலோமி சொன்னாள். ரபியா கேட்டுக்கொண்டே கன்னத்தில் கை வைத்தாள். முடிந்ததும் நெடுநேரம் பேசவில்லை. அவளுக்கு அது பெரிய விஷயம்.

சலோமி நாலடுக்கையும் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். இரண்டு தடவை கழுவினாள். துணியால் துடைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். மேலடுக்கை மட்டும் மூடவில்லை.

"எலுமிச்சம்பழம் இருக்காக்கா?"

"இருக்கு. எதுக்கு?" கேட்ட பிறகுதான் ரபியாவுக்குப் புரிந்தது. "இனிமே ஆசீர் வர மாட்டானே. யாரு கொண்டுபோய்க் குடுக்கிறது?"

சலோமி பழங்களை உள்ளே வைத்தாள்.

"நீயா?" ரபியாவின் குரல் தாழ்ந்தது. "உன்னைப் பார்த்துக் கதவைத் தொறப்பாங்களாம்மா?"

சலோமி மூடியைப் போட்டாள். அதில் வெட்டியிருந்த இரண்டு எழுத்துகளை முந்தானையால் இன்னொரு தடவை துடைத்தாள்.

"தெரியாது," என்றாள். "ஆனா பாத்திரம் அவங்களுது."